மிஸ்டர் அடிபட்டது

தெருவில் அவரை ‘மிஸ்டர் அடிபட்டது’ என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள், ஆனால் காதில் விழுகிற தூரத்தில் சொல்வார்கள். லாண்டரிக்காரரான அவர் அதற்காகக் கோபப்பட்டதே இல்லை. பட்டம் சும்மா கிடைக்குமா, எத்தனை காசை எடை போட்டு வாங்கியது என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அவர் நடத்தியது காசு போட்டால் ஓடுகிற மெஷின்கள் வைத்த லாண்டரி. ஒரு சுவரோரம் துணி துவைக்கிற மெஷின்கள், எதிர்ச் சுவரோரம் துணி காயவைக்கிற டிரையர்கள், நடுவில் காத்திருப்பவர்கள் உட்கார ஒரு நீளமான பெஞ்சு, கடைக்கோடியில் கல்லாப்பெட்டி, அதற்குப் பின்னால் அவர். மாடியில் வீடு. மெஷின்களின் வயிற்றிலிருந்து சில்லறையை அள்ளிக் கொட்டிப் பிரிக்கிற வேலையில் மற்றவர்களுக்கு முதுகுவலி வரும். இவருக்கு ஆசை வந்தது. மின்ட் எனப்படும் நாணயச்சாலையில் எப்போதாவது அச்சு நகர்ந்தோ தகடு தவறியோ பிழையோடு ஒரு காசு வெளியே வந்துவிடும், அந்த மாதிரிக் காசுக்கு உலகத்தில் தனி மரியாதை உண்டு என்று எங்கோ படித்துவிட்டார். அன்றிலிருந்து சட்டைப் பையில் ஒரு லென்ஸ், கல்லாப்பெட்டி பக்கத்தில் ஒரு குட்டித் தராசு.

பிழைக்காசு மட்டும் கிடைக்கவே இல்லை. அதைப் பற்றிய அறிவு மூட்டை மூட்டையாகக் கிடைத்தது.

அந்த அறிவை அவர் ஒரே வரியில் சொல்வார். காசு பிறக்கும்போதே வந்தது பிழை, பிறந்த பிறகு வந்ததெல்லாம் அடி. விஷயம் பரவி, அக்கம்பக்கத்தில் யார் கையில் கோணல்மாணலாக ஒரு காசு கிடைத்தாலும் லாண்டரிக்குத்தான் வந்தது. டெய்லர் ஒரு பக்கம் மொழுமொழுவென்று இருந்த காசைக் கொண்டுவந்தார். தராசில் வைத்தால் எடை குறைந்தது, யாரோ அரம் வைத்து ராவியிருக்கிறார்கள். பழக்கடை அம்மா விளிம்பில் பிறை மாதிரி ஒரு துண்டு இல்லாத காசைக் கொண்டுவந்தாள். இவர் அந்தப் பிறையைப் பார்க்கவே இல்லை. அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தைப் பார்த்தார். அச்சடிப்பதற்கு முன்பே தகடு வெட்டுப்பட்டிருந்தால் எதிர்ப்பக்க விளிம்பு சரியாக எழும்பாமல் மங்கிப் போயிருக்க வேண்டும். இதில் அது கம்பீரமாக நின்றது. அப்படியென்றால் யாரோ பிறகு வெட்டியது.

“அடிபட்டது” என்பார். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்த டாக்டர் மாதிரி, அவ்வளவுதான். கொண்டுவந்தவர்களுடைய முகம் வாடும். அது இவருக்குத் தெரியாது. இவர் அந்த நேரம் குனிந்து லென்சைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

இந்தத் துடைக்கிற பழக்கம்தான் மச்சான் விஷயத்தில் வினையாகப் போயிற்று.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். பஸ்ஸில் அத்தனை பிள்ளைகளின் கூச்சலையும் கேட்டுவிட்டு வருவதாலோ என்னவோ, வெளியே அதிகம் பேச மாட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு எப்போதும் தங்கை வீட்டில்தான். சாப்பிட்டதும் கீழே இறங்கிவந்து பெஞ்சில் காலை நீட்டி ஒரு தூக்கம் போடுவார். மெஷின்கள் ஓடுகிற சத்தம் தாலாட்டு மாதிரி இருக்கிறது என்பார். லாண்டரிக்காரருக்கு உலகத்தில் நண்பர் என்று ஒருவர் இருந்தால் அது மச்சான்தான்.

ஒரு தடவை மச்சான் தன் வீட்டுக்குச் சொந்தபந்தங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். கூடத்துச் சுவரில் புதிதாக ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டி மாட்டியிருந்தது. உள்ளே ஒற்றைக் காசு. காசில் தலை இருக்க வேண்டிய பக்கத்தில் இன்னொரு தலை பள்ளமாக, கண்ணாடியில் பார்க்கிற மாதிரி திரும்பிப் பதிந்திருந்தது. அவருடைய அப்பா, அதாவது இவருடைய மாமனார், கடைசல் பட்டறை வைத்திருந்தவர். அவர் போன பிறகு அவர் மேசை இழுப்பறையில் கிடைத்ததாம். “அப்பா எனக்கு விட்டுட்டுப் போன பொக்கிஷம்” என்றார் மச்சான். கண்ணில் லேசாக ஈரம்.

நல்லா இருக்கு மச்சான் என்று ஒரு வார்த்தை. சொல்வதற்கு மூச்சுகூட வாங்க வேண்டியதில்லை. அதை விட்டுவிட்டு, பெட்டியைச் சுவரிலிருந்து இறக்கச் சொன்னார் இந்த மகானுபாவர். காசை வெளியே எடுத்தார். லென்சை எடுத்தார். கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்கள். அவருக்கு அது மேடை ஏறின மாதிரி இருந்தது.

“இந்தப் பள்ளத்துக்கு அடியில பழைய எழுத்து இன்னும் தெரியுது பாருங்க. மின்ட்லயே இப்படி விழுந்திருந்தா பழைய எழுத்துக்கு வேலையே இல்ல. பின்பக்கம் வேற நசுங்கியிருக்கு. ரெண்டு காசை ஒண்ணா வச்சு வைஸ் இடுக்கில மாட்டி இறுக்கினா இப்படித்தான் வரும். மாமா பட்டறைலதான் வைஸ் இருந்துச்சே” என்றார். பிறகு வழக்கம்போல, “அடிபட்டது.”

மச்சான் காசைத் திரும்ப வாங்கிப் பெட்டிக்குள் வைத்தார். “எங்கப்பாவை ஏமாத்துக்காரர்னு சொல்றீங்களா மாப்பிள்ளை?” என்றார்.

“நான் எங்க அப்படிச் சொன்னேன்? அடிபட்டதுன்னுதான் சொன்னேன்” என்றார் இவர், லென்சைத் துடைத்துக்கொண்டே.

அதற்குப் பிறகு மச்சான் லாண்டரிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. மனைவி சண்டை போடவில்லை, அழவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனுக்கும் சேர்த்தே சமைத்தாள், கை அளவு மாறவில்லை என்று சொல்லிவிட்டாள். அதனால் திங்கட்கிழமைதோறும் மச்சானின் பங்கை லாண்டரிக்காரரே சூடு பண்ணிச் சாப்பிட வேண்டியிருந்தது. வாரம் தவறாமல் தன் குற்றத்தைத் தானே மென்று விழுங்குகிற மனிதன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன் என்று நினைத்துக்கொள்வார்.

“போய் ஒரு வார்த்தை பேசிட்டு வாங்களேன்” என்றாள் மனைவி.

“நான் சொன்னது தப்பா?”

“தப்புன்னு யார் சொன்னா? சரியாச் சொன்னதுதான் பிரச்சினை.”

“ஒரே ஒரு அசல் பிழைக்காசு கையில கிடைக்கட்டும். அதையும் மாமா காசையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டினா மச்சானுக்கே வித்தியாசம் புரியும்.”

“புரிஞ்சு என்ன பண்றது? எங்கண்ணன் வந்து சாப்பிடணும்” என்று சொல்லிவிட்டு அவள் துணி மடிக்கப் போய்விட்டாள். அவளுக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருந்தது அந்த ஒரு அண்ணன்தான். அது இவருக்கும் தெரியும். தெரிந்துதான் முரண்டு பிடித்துக்கொண்டிருந்தார்.

இதற்கிடையில் நாலாம் நம்பர் டிரையர் கத்த ஆரம்பித்திருந்தது.

“நாலாம் நம்பர் கத்துதுங்க” என்பாள் மனைவி.

“பெல்ட்டா இருக்கும்.”

“பெல்ட்டு கடகடன்னா கத்தும்?”

“அப்ப பேரிங்கா இருக்கும். பாக்கறேன்.” பார்க்கத்தான் நினைப்பார். ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுப்பதற்குள் கல்லாப்பெட்டியில் ஏதாவது ஒரு காசு கண்ணடித்துக் கூப்பிட்டுவிடும். மெஷின் ரிப்பேருக்கு இந்த வட்டாரத்திலேயே இவரை மிஞ்ச ஆளில்லை என்று பேர். அந்தப் பேர் நாலாம் நம்பருக்குத் தெரியாது போலிருக்கிறது, அது பாட்டுக்குக் கத்திக்கொண்டே இருந்தது.

அப்படி ஒரு மத்தியானம் கல்லாப்பெட்டியைக் கிளறும்போதுதான் அது விரலில் பட்டது.

அளவில் மற்றக் காசுகளைவிடச் சின்னது. சுற்றிலும் விளிம்பு தடித்து, உள்பக்கமாகச் சுருண்டு, தட்டின் ஓரம் மாதிரி எழும்பி நின்றது. எழுத்துகளின் தலையெல்லாம் அந்த விளிம்புக்குள் பதுங்கியிருந்தன. லாண்டரிக்காரர் குட்டித் தராசைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். எடை போட்டார், கிட்டத்தட்ட சரியாக இருந்தது. அப்படியானால் ராவியதில்லை. சுத்தியல் தடம், வைஸ் பல் பதிந்த தடம் என்று தேடினார், இல்லை. ஒரு பக்கம் மட்டும் இப்படி இருந்தால் சந்தேகப்படலாம், இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருந்தது. ஆளில்லாத வீட்டில் கொள்ளையடிப்பவன் மாதிரி சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு மறுபடியும் லென்சை வைத்தார்.

அடுத்த நாட்களில் தன்னிடமிருந்த புத்தகங்களையெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு புரட்டினார். எதிலும் இந்த மாதிரிப் பிழை இல்லை. எந்தப் புத்தகத்திலும் இல்லையென்றால் வேறு யாராக இருந்தாலும் சந்தேகப்படுவார்கள். இவர் சந்தோஷப்பட்டார். உலகத்துக்கே தெரியாத ஒரு பிழை தன்னைத் தேடிவந்திருக்கிறது என்று முடிவுகட்டினார். டெய்லர் கொண்டுவந்திருந்தால் தராசில் வைப்பதற்கு முன்பே தீர்ப்புச் சொல்லியிருப்பார். தன் கல்லாவில் கிடைத்ததால் சட்டம் கொஞ்சம் வளைந்து கொடுத்தது.

“இது எங்கேருந்து வந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?” என்று மனைவியைக் கேட்டார்.

அவள் எட்டிப் பார்த்தாள். “நான்தான் போட்டிருப்பேன். பெருக்கும்போது மெஷின் அடியில கிடைக்கிற காசையெல்லாம் கல்லாலதான் போடறேன்.”

பதில் இவ்வளவு தெளிவாக வந்தது. இவர் காதில் ‘கல்லால’ என்பது மட்டும்தான் விழுந்தது.

“ஞாயித்துக்கிழமை மச்சானை வரச் சொல்லு. மாமா காசையும் கையோட எடுத்துட்டு வரச் சொல்லு” என்றார்.

மனைவி அன்றைக்கே அண்ணன் வீட்டுக்குப் போய்வந்தாள். திரும்பி வந்தபோது அவள் நடையே வேறு மாதிரி இருந்தது. “வர்றேன்னுட்டாரு.”

“எதுக்குன்னு சொன்னியா?”

“சாப்பிடன்னு சொன்னேன். உங்களுக்கு ஒரு காசு கிடைச்சிருக்குன்னு சொல்லி அவர் காசையும் எடுத்துட்டு வரச் சொன்னேன்.” செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பினாள். “இந்தத் தடவையாவது வாயைக் கொஞ்சம் பாத்துக்குங்க. இனிமே ஒரு தடவை உடைஞ்சா என்னால ஒட்ட முடியாது.”

அவள் குரலில் கோபம் இல்லை, பயம் இருந்தது. கையில் அசல் இருக்கிறது, பயமென்ன என்று லாண்டரிக்காரர் தன்னைத் தேற்றிக்கொண்டார். அந்தக் காசுக்கென்று ஒரு வெல்வெட் டப்பாகூட வாங்கியாகிவிட்டது. கல்யாணத்துக்கு வாங்கிய மோதிரமே காகிதத்தில் சுற்றித்தான் வந்தது என்பதை மனைவி சொல்லிக்காட்டவில்லை, டப்பாவை மட்டும் ஒரு தரம் திறந்து மூடினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி யூனிஃபார்ம்களை நாலாம் நம்பரில் போட்டாள். அது கடகடத்தது, கிரீச்சிட்டது, பிறகு முக்கி முனகி நின்றேவிட்டது. “உள்ள யாராவது மாட்டிக்கிட்டாங்களா பாருங்க சார்” என்றாள் நர்ஸ். துணியை வேறு டிரையருக்கு மாற்றிக்கொடுத்துவிட்டு, வேறு வழியில்லாமல் லாண்டரிக்காரர் ஸ்குரூ டிரைவரோடு உட்கார்ந்தார். நர்ஸ் போன பிறகு முன்தகட்டைக் கழற்றி, டிரம்முக்கும் அதைச் சுற்றியிருக்கிற வளையத்துக்கும் நடுவில் இருந்த சந்தில் விரலை விட்டார். ஏதோ தட்டுப்பட்டது. நெம்பி எடுத்தார்.

ஒரு காசு. சின்னதாக, விளிம்பு தடித்து உள்பக்கமாகச் சுருண்டு. மறுபடி விரலை விட்டார். இன்னொன்று. அவருடைய அபூர்வத்துக்குக் கூடப்பிறந்தவர்கள் இருந்தார்கள். மூன்றாவதாக வந்தது இன்னும் முழுதாக வேகாத காசு. அதன் விளிம்பு அப்போதுதான் சுருள ஆரம்பித்திருந்தது. யாருடைய சட்டைப் பையிலிருந்தோ தவறி விழுந்து, சந்தில் சிக்கி, டிரம் சுற்றச் சுற்ற மாதக்கணக்கில் உருண்டு உருண்டு ஓரம் மழுங்கி மடிந்த காசு. எப்படி ஆகிறது என்பதைப் படம் போட்டுக் காட்ட வேண்டியதே இல்லை, வரிசையாகக் கையில் இருந்தது.

லாண்டரிக்காரர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அரம் தெரியும், வைஸ் தெரியும், ஆசிட் தெரியும். டிரையர் தெரியவில்லை. இந்தத் தெருவில் டிரையரை வைத்துச் சோறு தின்கிறவர் அவர் ஒருத்தர்தான், அவருக்குத்தான் தெரியவில்லை. நாலாம் நம்பரும் நேர்மையாகத்தான் இருந்திருக்கிறது, ஆரம்பத்திலிருந்தே கத்திச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. சிரிப்பு வந்தது.

மாடியிலிருந்து கரண்டியும் கையுமாக மனைவி இறங்கிவந்தாள். அவர் உள்ளங்கையைப் பார்த்தாள். நிறைய நேரம் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

“அண்ணன் கிளம்பிட்டாரு” என்றாள். சிரிக்கவில்லை. “என்ன செய்யப் போறீங்க?”

“மச்சானுக்கு இதெல்லாம் தெரியாது” என்றார் இவர் மெல்ல. அவள் திரும்பி மேலே போய்விட்டாள். மூன்று காசையும் டிரையரில் துணியிலிருந்து உதிர்கிற பஞ்சைக் கொட்டுகிற டப்பாவில் போட்டு, மேலே நன்றாகப் பஞ்சை அமுக்கினார். முன்தகட்டைத் திரும்ப மாட்டி, கையைக் கழுவிக்கொண்டு மாடி ஏறினார். மச்சான் காசைப் பார்ப்பார், நம்புவார், சாப்பிடுவார், எல்லாம் பழையபடி ஆகிவிடும். சுலபமான வேலை.

மச்சான் வந்தார். கண்ணாடிப் பெட்டியை ஒரு துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அதை மடியிலேயே வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். முதல் தடவையாக வருகிறவர் மாதிரி அறையைச் சுற்றிப் பார்த்தார். கொஞ்சம் இளைத்திருந்தார்.

“ஏதோ காசு கிடைச்சுதாமே” என்றார்.

இவர் வெல்வெட் டப்பாவைத் திறந்து முன்னால் நகர்த்தினார். மச்சான் அதைக் கையில் எடுத்தார். திருப்பிப் பார்த்தார். லென்ஸ் கேட்கவில்லை, எடை கேட்கவில்லை, எப்படி என்றும் கேட்கவில்லை.

“ரொம்ப நல்லா இருக்கு மாப்பிள்ளை” என்றார். “எவ்வளவு நாளாத் தேடினீங்க. உங்க கைக்கே வந்ததுல எனக்கு ரொம்ப சந்தோஷம்.”

லாண்டரிக்காரருக்குக் கண் கரித்தது. அன்றைக்குக் கூடத்தில் தான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை. அதை, கோபித்துக்கொண்டு போன மனிதர், ஒரு காசுப் பிரயோஜனம் இல்லாத தகரத்தைப் பார்த்து எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டார். சடாரென்று எழுந்து கீழே ஓடினார். பஞ்சு டப்பாவைக் கையில் தூக்கிக்கொண்டே வந்து சாப்பாட்டு மேசைமேல் கவிழ்த்தார்.

“என்னங்க இது, சாப்பிடற இடத்துல” என்றாள் மனைவி. ஆனால் தடுக்கவில்லை.

பஞ்சுக்குள் துழாவி மூன்று காசையும் எடுத்து மச்சான் முன்னால் வைத்தார். மூக்கில், மீசையில் எல்லாம் பஞ்சு. சட்டைப் பையிலிருந்து லென்சை எடுத்து நீட்டினார். “நீங்களே பாத்துச் சொல்லுங்க மச்சான். எல்லாம் நாலாம் நம்பர் டிரையருக்குள்ள இருந்துச்சு.”

மச்சான் லென்சை வாங்கினார். அதைத் தலைகீழாகப் பிடித்தார், பிறகு சரியாகப் பிடித்தார். டப்பாக் காசைப் பார்த்தார், மற்ற மூன்றையும் பார்த்தார். சாவகாசமாகப் பார்த்தார். இதற்காகவே பிறந்தவர் மாதிரி பார்த்தார். கடைசியில் சட்டை நுனியால் லென்சைத் துடைத்தார்.

“அடிபட்டது” என்றார்.

முதலில் சிரித்தது மனைவிதான். வாயைப் பொத்திக்கொண்டு ஆரம்பித்தவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மச்சானுக்குத் தோள் குலுங்கியது. லாண்டரிக்காரர் சிரிக்கப் பார்த்தார், பஞ்சு தொண்டைக்குள் போய் இருமல்தான் வந்தது.

இருமி முடித்ததும், “அன்னைக்கு மாமா காசைப் பத்தி நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது” என்றார்.

மச்சான் துண்டைப் பிரித்துக் கண்ணாடிப் பெட்டியை மேசைமேல் வைத்தார். “நீங்க சொன்னது சரிதான் மாப்பிள்ளை. வைஸ்ல இறுக்கினதுதான். நான் பக்கத்துலயே நின்னுட்டு இருந்தேன்.”

லாண்டரிக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“சின்ன வயசுல ஒரு நாள் பட்டறைல விரலை நசுக்கிக்கிட்டு அழுதேன். நிறுத்தவே இல்ல. அப்பா ரெண்டு காசை எடுத்து வைஸ்ல வச்சு, இதோ பாரு, அதுவும் நசுங்குது, அது அழுவுதா பாருன்னு இறுக்கினாரு. அதுல ஒண்ணை அவருகிட்டயே வச்சுக்கிட்டாரு. இத்தனை வருஷம் தூக்கிப் போடாம வச்சிருந்தாருன்னு அவர் போன பிறகுதான் எனக்குத் தெரிஞ்சுது.” மச்சான் பெட்டியின் கண்ணாடியைக் கட்டை விரலால் தேய்த்தார். “பொக்கிஷம்னுதான் நான் சொன்னேன். மின்ட்ல ஆன பிழைன்னு நான் சொல்லவே இல்லையே.”

உண்மைதான். யாரும் கேட்காத கேள்விக்கு, அத்தனை பேர் முன்னால், அவ்வளவு துல்லியமாகப் பதில் சொல்லியிருக்கிறார் மிஸ்டர் அடிபட்டது.

“ஏன் மச்சான், அன்னைக்கே இதைச் சொல்லியிருக்கலாமே?”

“எங்க சொல்ல விட்டீங்க? நீங்கதான் தலையைக் குனிஞ்சு துடைச்சுட்டு இருந்தீங்களே.”

மனைவி பஞ்சையெல்லாம் வழித்துக் கூடையில் போட்டு மேசையைத் துடைத்தாள். லென்சை மேசைமேலிருந்து எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். “சாப்பிட்டு முடிச்சதும் தர்றேன்” என்று சொல்லிவிட்டுத் தட்டுகளை எடுத்துவந்தாள். மச்சான் பசியோடு வந்திருந்தார். கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டதும் கீழே போய்ப் பெஞ்சில் காலை நீட்டினார். நாலாம் நம்பர் சத்தமில்லாமல் ஓடியது.

மறுநாள் திங்கட்கிழமை. மத்தியானம் லாண்டரிக்காரர் பழக்க தோஷத்தில் மாடியேறிப் போய்ப் பாத்திரத்தைத் திறந்து பார்த்தார். சூடு பண்ண ஒன்றுமே மிச்சமில்லை.